சூல் முதிர்வின் குறிகளும் தமிழ்ச் சொல்வழக்கும்

மகப்பேற்றின் சிறப்பைத் தமிழ் இலக்கியம் பலபடப் பாடியுள்ளது. திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரம் வகுத்தார். பிள்ளைத்தமிழ் தனியொரு சிற்றிலக்கிய வகையாகவே வளர்ந்தது. எனினும், பேறு அணுகுங் காலத்துத் தாயின் உடலில் தோன்றும் குறிகள் யாவை, அவற்றைத் தமிழ் மக்கள் எச் சொற்களாற் குறித்தனர் என்னும் வினாக்களுக்கு ஏடுகளில் விடை காண்டல் அரிது. அவ் விடை பெரும்பாலும் மகளிர் வாய்மொழியிலேயே தங்கியுள்ளது.

அவ் வாய்மொழிச் சொற்களின் பொருளை வரையறுத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பகுதியை ஈண்டுச் சிறப்பாகக் கருதுகின்றோம். அதற்குக் காரணம் உண்டு. 1890ஆம் ஆண்டை ஒட்டித் திண்டிவனத்தில் ஓர் இரவில் மூன்று இளம்பெண்கள் பேற்று நோவில் உயிர் துறந்தனர். இந்திய மகளிர் மருத்துவ வரலாற்றில் அவ்விரவு ஒரு திருப்பமாயிற்று. குறியை அறிதல் வேறு, அக்குறி உதவுவாரைச் சென்று சேர்தல் வேறு என்னும் உண்மையை அந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது. இவ்வுண்மை சொல்லாராய்ச்சிக்கும் உரியது என்பதை இனிக் காண்பாம்.

இலக்கியத்தில் கடுஞ்சூல்

சூல் என்னும் சொல் மகளிர்க்கு மட்டும் உரியதன்று. நெற்கதிர் சூல் கொள்ளும். மேகமும் சூல் கொள்ளும். உள்ளே ஒன்றைத் தாங்கி முதிர்ந்து, உரிய காலத்தில் அதனை வெளிப்படுத்தும் எல்லாவற்றிற்கும் இச்சொல் பொதுவாயிற்று. சூல் கொண்டாள் ஒருத்தியின் வேட்கையை 'வயா' என்பர். வேட்கை மிகுதியைக் குறிப்பது அச்சொல் எனத் தொல்காப்பியர் உரியியலில் விளக்கினார். வயா சூலின் தொடக்கத்திற்குரியது. சூலின் முடிவு அணுகிய நிலையைச் சான்றோர் 'கடுஞ்சூல்' என்றனர்.

குறுந்தொகை 287ஆம் பாட்டில் கச்சிப்பேட்டு நன்னாகையார் இச்சொல்லை ஆள்கின்றார். நீர் முகந்த கார்முகில் வானில் எளிதாக எழமாட்டாது மலையை நோக்கி மெல்லச் செல்லும் காட்சிக்குக் கடுஞ்சூல் மகளிரை அவர் உவமையாக்கினார். அம்மகளிர் திங்கள் பல நிறையைச் சுமந்து தளர்ந்தவர், நடக்கமாட்டாதவர், பசும்புளியில் வேட்கை உடையவர். உவமை கூறப் புகுந்த புலவர் உடற்குறியையே கூறினார் என்பது நோக்கத்தக்கது. நடை தளர்தல் என்பது பேறு அணுகியதற்குரிய குறிகளுள் ஒன்று என மருத்துவ நூலாரும் கூறுவர். திண்டிவனம் என்னும் ஊர்ப்பெயர் புளியங்காடு எனப் பொருள்படும் திந்திரிணி வனம் என்பதன் திரிபாதலின், பசும்புளி வேட்கையைக் கூறும் இப்பாட்டு அவ்வூர் மாணவர்க்கு மேலும் நெருக்கமுடையதாகும்.

இப்பாட்டில் திங்களின் தொகையைக் குறிக்க வந்த 'முந்நால்' என்னும் சொல்லைப் பெருக்கிப் பன்னிரண்டு எனவும், கூட்டி ஏழு எனவும் கொள்ள இடமுண்டு. பன்னிரண்டு திங்கள் சுமந்தாள் எனக் கூறும் மரபு பெரியாழ்வார் திருமொழியிலும் உண்டு. பெருவழக்கான கணக்கோ பத்துத் திங்களாகும். திருவாசகத்துப் போற்றித் திருவகவலில் மணிவாசகர் கருவுக்கு வரும் இடர்களைத் திங்கள்தோறும் அடுக்கிச் சொல்லிப் பத்தாந் திங்களில் முடிக்கின்றார். ஏனைய திங்கள்களின் இடர் கருவுக்கு உரியதாகக் கூறப்பட, பத்தாந் திங்களின் துயர் மட்டும் தாயொடு சேய் உடன்படும் துயராகக் கூறப்படுகின்றது. பேற்றுக் காலத்தில் இருவர் உயிரும் ஒரு நிலையில் நிற்கும் என்னும் அறிவு இதன்கண் உள்ளது.

மற்றொன்றும் இலக்கியத்திற் கருதத்தக்கது. கடுஞ்சூல் மகளைப் பாடும்போது புலவர்கள் அவளோடு இருந்தவர் யாவர் என்பதை மறவாது கூறுவர். நற்றிணை 370ஆம் பாட்டு, சுற்றம் சூழ இருந்து மகவு ஈன்றாளைக் காட்டுகின்றது. சீவக சிந்தாமணியில் விசயை மயிற்பொறியில் தப்பிச் சென்று சுடுகாட்டில் வீழ்ந்து ஆண்டே சீவகனை ஈன்றாள். துணையற்ற அவளுக்குத் தெய்வம் அவளுடைய தோழியாகிய சண்பகமாலையின் உருவில் வந்து உதவிற்று எனத் திருத்தக்கதேவர் கூறினார். திருச்சிராப்பள்ளித் தலவரலாறோ, காவிரி வெள்ளத்தால் தாய் வரமாட்டாதபோது இறைவனே தாயாக வந்து மகளுக்குப் பேறு பார்த்தான் என்று கூறும். அதனால் அவன் தாயுமானவன் எனப் பெயர் பெற்றான். எல்லப்ப நாவலரின் செவ்வந்திப் புராணம் இதனை விரித்துரைக்கும். நோவு வந்தபின் உதவுவார் வந்து சேர்ந்தனரா என்பதே இக்கதைகளின் உயிர்நிலை.

நாட்கணக்கும் முழுகாமையும்

குறிகளைக் கூறுமுன் கணக்கைத் தெளிதல் வேண்டும். இறுதியாக மாதவிலக்கான முதல்நாள் தொடங்கி 280 நாள், அஃதாவது 40 வாரம், என மருத்துவர் பேற்று நாளைக் கணிப்பர். 28 நாள் கொண்டது ஒரு திங்கள் எனக் கொள்ளின் 280 நாள் சரியாகப் பத்துத் திங்களாகும். ஆதலின் பத்து மாதம் என்னும் நம் வழக்கிற்கும் நாற்பது வாரம் என்னும் மருத்துவர் வழக்கிற்கும் முரண் இல்லை.

சூலுற்றமையை 'முழுகாமல் இருக்கிறாள்' என வீட்டார் கூறுவர். மாதவிலக்கு வாராமையால் அதற்குரிய தலைமுழுக்கு நிகழவில்லை என்பது இதன் பொருள். கருவுற்ற நாளை அறிய முடியாதாகலின் இறுதி முழுக்கை எல்லையாக வைத்து எண்ணினர் நம் முன்னோர். மருத்துவர் எண்ணும் முறையும் சில நாள் வேறுபாட்டோடு அதுவேயாம்.

இடர்ப்பாடு தோன்றுவது வேறோரிடத்தில். 'ஒன்பது மாதம்' என்னும்போது, ஒன்பதாம் மாதம் நடக்கின்றது எனவும் ஒன்பது மாதம் நிறைந்தது எனவும் இருபொருள் கொள்ளப்படும். முப்பது நாள் மாதக் கணக்கில், ஒன்பதாம் மாதம் தொடங்கும்போது கரு ஏறத்தாழ 34 வாரமே வளர்ந்திருக்கும். 37 வாரம் நிரம்பாமுன் வரும் நோவு குறைமாதப் பேற்றின் குறியாதலின் அதற்குரிய மருத்துவம் வேறு. 'ஒன்பது ஆகிவிட்டது, வலி வந்தால் நல்லதே' என வீட்டார் அமைந்திருக்க, நுரையீரல் முதிராத மகவு பிறந்துவிடக் கூடும். ஒரு சொல்லின் இருபொருள் ஓர் உயிரின் இடராகுமாற்றை ஈண்டுக் காண்கின்றோம்.

உடற்குறிகளும் அவற்றின் பெயரும்

முதற்குறி 'வயிறு இறங்குதல்' என்பது. குழந்தையின் தலை இடுப்பெலும்புக் கூட்டினுள் இறங்கி அமைவதால் மேல்வயிறு தளர்ந்து காணும். உதரவிதானத்தின்மேல் இருந்த அழுத்தம் குறைதலின் மூச்சு எளிதாகும். சிறுநீர்ப்பை அழுத்தப்படுதலின் அடிக்கடி நீர் கழிக்க நேரும். தொடைச்சந்தில் வலி தோன்றி நடை தளரும். நன்னாகையார் கண்ட தளர்நடை இதனோடு ஒத்திருத்தல் காண்க. தலைச்சூல் மகளிர்க்கு இது பேற்றிற்கு இரண்டு முதல் நான்கு வாரம் முன்னரே நிகழ்வதுண்டு. முன்பு மகவு ஈன்றார்க்குப் பெரும்பாலும் நோவு தொடங்குங் காலத்தில் நிகழும். ஆகவே வயிறு இறங்கியது கொண்டு நாளைக் குறிப்பது இருசாரார்க்கும் ஒருபடித்தாகாது. தலைச்சூல் என்னும் சொல்லைத் தனியே வழங்கிய நம் மொழியில் இவ்வேறுபாட்டை உணர்த்துவது எளிது.

இரண்டாவது 'பொய்வலி'. இதனைச் 'சூட்டு வலி' எனவும் கூறுப. கருப்பை இடையிடையே இறுகித் தளர்வதால் இது தோன்றும். ஆங்கில மருத்துவர் பிராக்சுடன் இக்சு என்பவர் 1872இல் இதனை விரிவாக எழுதினமையால், மருத்துவ உலகில் இது அவர் பெயரால் வழங்குகின்றது. பொய்வலி ஒழுங்கற்று வரும். பெரும்பாலும் வயிற்றின் முன்புறத்தே நிற்கும். இளைப்பாறினாலும் நீர் அருந்தினாலும் தணியும். மெய்வலியோ ஒழுங்காக வரும். வரவர இடைவெளி குறையும். ஒவ்வொரு முறையும் நெடிது நிற்கும். பெரும்பாலும் கீழ்முதுகில் தொடங்கி முன்வயிற்றுக்குப் பரவும். நடந்தாலும் கிடந்தாலும் தணியாது. இதனைத் தமிழர் 'இடுப்பு வலி' என்றனர். வலியின் தொடக்கம் எங்கே என்பதைப் பெயரிலேயே பொதிந்து வைத்தமையால், பொய்வலியினின்று மெய்வலியைப் பிரித்தறியும் இலக்கணம் அப்பெயருள் அடங்கிவிட்டது. இதனினும் சுருங்கிய வரையறை மருத்துவ நூலிலும் அரிது.

சூட்டு வலியா, இடுப்பு வலியா என ஐயுற்றபோது சீரகத்தைக் கொதிக்கவைத்த நீரை அருந்தக் கொடுத்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. தணிந்தால் சூட்டு வலி, தணியாது மிகுந்தால் இடுப்பு வலி என்பர். உடலில் நீர் குறையின் கருப்பை இறுகுதல் மிகும் என மருத்துவர் கூறுதலின், அருந்திய நீரால் பொய்வலி தணிதல் பொருந்துவதே. ஆயினும் இச்சோதனைக்கு எல்லை உண்டு. 37 வாரம் நிரம்பாதவளுக்கும், நீரோ குருதியோ கண்டவளுக்கும் இதனால் காலம் கடத்தல் தீங்காய் முடியும்.

மூன்றாவது, கருப்பை வாயை அடைத்திருந்த கொழுவிய சளிபோன்ற பொருள் கழிதல். கருப்பை வாய் நெகிழத் தொடங்கியதன் அடையாளம் இது. இளஞ்சிவப்பாகச் சிறிது குருதி கலந்திருத்தல் இயல்பே. சிலர்க்கு அன்றே நோவு தொடங்கும்; சிலர்க்குச் சில நாள் கழியும். ஆனால் செங்குருதி மிகுதியாகப் போதல் இக்குறியன்று. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்து நிற்றலாலோ, பேற்றிற்கு முன்னரே அது பிரிதலாலோ அது நேரும். அந்நிலையில் ஒரு கணமும் தாழ்த்தலாகாது.

நான்காவது 'பனிக்குடம் உடைதல்'. குழந்தையைச் சூழ்ந்த நீர்ப்பையைப் பனிக்குடம் என்றது அழகிய ஆட்சி. 'பன்னீர்க்குடம்' எனவும் வழங்குவர். பனிநீர் என்பதே பன்னீர் என மருவியதாகலின் இதனைப் பிழைவழக்கு எனத் தள்ள வேண்டுவதில்லை. பலர்க்கு நோவின் இடையே இது உடையும். ஏறத்தாழப் பத்தில் ஒருவர்க்கு நோவுக்கு முன்னரே உடையும். குடம் உடைதல் என்னும் உருவகம் நீர் ஒருங்கே கொட்டும் என்னும் எண்ணத்தைத் தருகின்றது. உண்மையில் அது சிறுகச் சிறுகக் கசிவதும் உண்டு. கசிவு என்பதால் கருதாது விடின், நேரம் செல்லச் செல்லத் தொற்றுக்கு இடம் உண்டாகும். நீர் பசுமையாகவோ பழுப்பாகவோ இருப்பின் குழந்தை உள்ளேயே மலம் கழித்தது என அறியலாம்; அது விரைந்து காணவேண்டிய குறி. தலை இறங்காமுன் குடம் உடையின் கொப்பூழ்க்கொடி முன்னே நழுவி நசுங்குதலும் கூடும். ஆதலின் நோவு இல்லையெனினும் பனிக்குடம் உடைந்தவள் மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

இவையன்றி, கழிச்சல், முதுகு உளைச்சல் முதலிய சிறுகுறிகளும் சிலர்பால் தோன்றும். முறையான நோவு ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை வந்து, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நிமிடம் நின்று, இவ்வாறு ஒரு மணி நேரம் தொடர்ந்தால் பேறு தொடங்கியது எனக் கொள்வது பொதுவிதி. முன்பு மகவு ஈன்றவளும், மருத்துவமனைக்குத் தொலைவில் உள்ளவளும் அதற்கு முன்னரே புறப்படுதல் நன்று.

குறி போலத் தோன்றிக் குறியல்லாதன இரண்டனைத் தனியே கூறல் வேண்டும். பிறக்கப் போகும் பிள்ளை அசையாது அடங்கிக் கிடக்கும் என்றோர் எண்ணம் பரவியுள்ளது. அது பிழை. பேறு வரையிலும் அசைவு இருத்தல் வேண்டும். குறையின் அது குழந்தையின் இடர்க்குறியாம். இனி, கடும் தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல் என்பன பேறு அணுகிய களைப்பு எனக் கருதப்படுவதுண்டு. அவை குருதி அழுத்தம் மிகுந்ததன் குறிகளாதல் கூடும். கவனியாதொழியின் வலிப்பில் முடியும். வலி, வலிப்பு என்னும் இரண்டும் ஒரு வேரினவே; ஒன்று மகவைத் தருவது, மற்றொன்று தாயை இழக்கச் செய்வது.

தகுதி வழக்கும் குறியின் மறைவும்

இத்துணை நுட்பமான பெயர்கள் இருந்தும் குறி உரியவரைச் சேராமை ஏன்? இதற்கு நன்னூல் விடை தருகின்றது. பவணந்தியார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தார். அவையில் சொல்லத்தகாததை வேறு சொல்லால் மறைத்துக் கூறல் இடக்கரடக்கல். மங்கலமல்லாததை மங்கலமாகக் கூறல் மங்கலம். ஒரு தொழிற்குழுவினர் தமக்குள்ளே வழங்குவது குழூஉக்குறி. மாணவர் இதனைத் தேர்வுக்குரிய நூற்பா எனக் கற்று அமைகின்றனர். கடுஞ்சூல் மகளின் கட்டிலைச் சுற்றி இம்மூன்றும் ஒருங்கே இயங்குதலை அவர் நோக்குதல் வேண்டும்.

அவள் பேசுவது இடக்கரடக்கல். உறுப்பின் பெயரையும் உதிரத்தையும் வெளிப்படக் கூறாது, 'கறை பட்டது', 'தீட்டுப் பட்டது', 'வெள்ளை படுகிறது' என்பாள். இயல்பான சளிக்கழிவும் உயிர்க்கு இடரான குருதிப்போக்கும் 'தீட்டு' என்னும் ஒரே சொல்லுள் அடங்கும். பனிக்குடத்தின் கசிவு 'வெள்ளை' என்னும் சொல்லுள் மறையும்.

வீட்டார் பேசுவது மங்கலம். நிறைமாதத்தில் தீயதொன்றை வாயாற் சொல்லலாகாது என்பது அவர் கொள்கை. 'எல்லாம் நல்லபடி ஆகும்', 'சூட்டு வலிதான்' என்பர். அன்பினின்று பிறக்கும் இச்சொல் சிலபோது காலத்தை உண்டுவிடுகின்றது.

மருத்துவமனையார் பேசுவது குழூஉக்குறி. கருப்பை வாய் இத்தனை விரல் திறந்தது என்பர், 'லீக்கிங்' என்பர், 'ஷோ' என்பர். முழுத் திறப்பு பத்துச் சென்டிமீட்டர் என்பதும், விரற்கணக்கு அதனை அளக்கும் முறை என்பதும் அவளுக்கு யாரும் உரைத்திலர். இரண்டு விரல் திறந்தது எனக் கேட்டவள் அச்சம் கொள்வதோ அமைதி கொள்வதோ தெரியாது திகைப்பாள்.

மூன்று வழக்கும் தம்மளவில் குற்றமுடையன அல்ல. நாணும் நன்மொழியும் தொழில்நுட்பமும் சமுதாயத்திற்கு வேண்டுவனவே. ஆனால் குறி ஒன்று மூன்றனிடையே கைம்மாறிச் செல்லும்போது அதன் பொருள் தேய்கின்றது. 'எவ்வளவு குருதி, என்ன நிறம், எப்போது தொடங்கிற்று' எனக் கேட்கும் செவிலிக்குத் 'தீட்டுப் பட்டது' என்னும் விடை போதாது.

திண்டிவனத்து இரவு

சொல் சென்று சேர்ந்தும் உதவி சென்று சேராத நிலை ஒன்று உண்டு. அதற்குத் திண்டிவனத்து நிகழ்ச்சி சான்று. அமெரிக்க மறைப்பணியாளரும் மருத்துவருமான ஸ்கட்டர் என்பவர் அக்காலத்தில் அவ்வூரில் பணிபுரிந்தார். 1870இல் இராணிப்பேட்டையிற் பிறந்த அவர் மகள் ஐடா ஸ்கட்டர், அமெரிக்காவில் பள்ளிக் கல்வி முடித்து, நோயுற்ற தாய்க்குத் துணையாகத் திண்டிவனம் வந்திருந்தார். மருத்துவம் பயிலும் எண்ணம் அவர்க்கு அப்போது இல்லை.

ஓரிரவு, பிராமணர் ஒருவரும், இசுலாமியர் ஒருவரும், மேற்சாதியினரான வேறோர் இந்துவும் ஒருவர்பின் ஒருவராக அவ்வீட்டுக் கதவைத் தட்டினர். மூவர் மனைவியரும் பேற்று நோவால் வருந்திக் கொண்டிருந்தனர். மூவரும் வேண்டியது பெண்ணொருத்தியின் உதவி. தாம் ஏதும் கல்லாதவர் எனக் கூறிய ஐடா, மருத்துவராகிய தந்தையை அழைத்துச் செல்லுமாறு வேண்டினார். அயலான் ஒருவன் தம் மனைவியைக் காணுதல் ஆகாது என மூவரும் மறுத்துச் சென்றனர். மறுநாட் காலை மூன்று பெண்களும் இறந்தனர் என்னும் செய்தி வந்தது.

இதனைச் சொல்லாராய்ச்சி நோக்கில் காண்பாம். அம்மூவர் வீட்டிலும் குறி அறியப்பட்டது. நோவு மெய் எனத் தெளியப்பட்டது. பேறு வழக்கமாக நிகழவில்லை என்பதும் உணரப்பட்டது. இன்றேல் இரவில் அயலார் கதவைத் தட்டியிரார். மருத்துவரும் அவ்வூரிலேயே இருந்தார். ஆயினும் அறிந்த குறிக்கும் இருந்த உதவிக்கும் இடையே ஒரு தடை நின்றது. விசயைக்குத் தோழி உருவிலும் சிராப்பள்ளி மகளுக்குத் தாய் உருவிலும் தெய்வம் வந்தது என நம் புலவர் பாடியதன் கருத்து இவ்விடத்தே விளங்கும். உதவுவார் பெண்ணுருவில் வந்தாலன்றி அக்கட்டிலை அணுக இயலாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஐடா அம்மையார் அதனை அவ்விரவில் அறிந்தார்.

அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரில் ஒரே படுக்கையுடன் மருத்துவப்பணி தொடங்கினார். 1902இல் மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை எழுந்தது. 1918இல் மகளிர்க்கென மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டது. அதுவே இன்றைய வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அம்மையார் 1960இல் மறைந்தார்.

அவ்விரவில் பெண் மருத்துவர் இந்நாட்டில் அறவே இல்லாதிருந்தனர் எனல் ஆகாது. மேரி சார்லீப் அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875 முதல் 1878 வரை பயின்றவர்; அவர் முயற்சியால் 1885இல் சென்னையில், திரைமறைவில் வாழ்ந்த மகளிர்க்கெனக் கோஷா மருத்துவமனை தோன்றியிருந்தது. தமிழில் மகப்பேற்று நூலும் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணிபுரிந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மோன்செல் என்பாரது மகப்பேற்று மருத்துவ நூலை 1857இல் தமிழில் வெளிவரச் செய்தார். மருத்துவமனை சென்னையில் இருந்தது. நூல் யாழ்ப்பாணத்தில் இருந்தது. இரண்டும் திண்டிவனத்துப் பெண்ணின் கட்டிலை எட்டவில்லை.

இற்றை நிலை

இன்று அந்நிலை மாறிவிட்டது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பேறும் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. முத்துலட்சுமி அம்மையார் பெயரால் அமைந்த மகப்பேறு உதவித் திட்டம் 1987 முதல் நடைபெறுகின்றது. 108 அவசர ஊர்தி 2008இல் வந்தது. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. கிராம சுகாதாரச் செவிலியர் வீடுதோறும் சென்று சூலுற்றாரைக் காண்கின்றனர்.

உதவி அருகில் வந்துவிட்டமையால் சொல்லின் பொறுப்புக் குறையவில்லை. மிகுந்தது எனல் வேண்டும். மகப்பேற்று இறப்பை ஆராய்ந்த தாடியஸ், மேன் என்னும் இருவர், தாழ்ப்பு மூவகைப்படும் என 1994இல் வெளியிட்ட கட்டுரையில் வகுத்தனர். உதவி நாட முடிவு செய்வதில் தாழ்த்தல், சென்று சேர்வதில் தாழ்த்தல், சேர்ந்தபின் மருத்துவம் பெறுவதில் தாழ்த்தல் என்பன அவை. சாலையும் ஊர்தியும் இரண்டாவதைக் குறைத்தன. மருத்துவமனை மூன்றாவதைக் குறைத்தது. முதலாவது வீட்டினுள் நிகழ்வது. அது சொல்லால் ஆவது. கண்ட குறி யாது, அது இயல்பா இடரா எனத் தெளிந்து கூறும் சொல் இருந்தாலன்றி அத்தாழ்ப்பு நீங்காது. 108 என்னும் எண்ணை அழைப்பதற்கு முன், அழைக்கவேண்டும் என ஒருவர் உணர்ந்து சொல்லுதல் வேண்டுமன்றோ?

மற்றொரு மாற்றமும் நிகழ்ந்துள்ளது. பேறு வீட்டைவிட்டு மருத்துவமனைக்குச் சென்றபோது, பேறு பார்த்த மருத்துவச்சியரின் தொழிலும் மறைந்தது. அது நன்மைக்கே. ஆனால் அவர்தம் சொற்களும் உடன் மறைகின்றன. இளம்பெண்ணுக்குப் பழஞ்சொல்லும் தெரியாது, மருத்துவர் சொல்லும் விளங்காது என்னும் இடைநிலை தோன்றலாகாது.

தமிழ்த்துறையின் கடமை

இவ்விடத்துத் தமிழ்த்துறையினர் செய்யத்தக்க பணி ஒன்று உளது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து முதுமகளிரிடமும் செவிலியரிடமும் மகப்பேற்றுச் சொற்களைத் தொகுத்தல் வேண்டும். தொகுத்தவற்றை மருத்துவரோடு உடனிருந்து ஆராய்ந்து பொருள் வரையறுத்தல் வேண்டும். அகராதியில் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் நிகராகத் தரும் முறை ஈண்டுப் போதாது. சான்றாக, 'வயிறு இறங்குதல்' என்பதற்குச் சூல் முதிர்ந்த குறி எனப் பொருள் எழுதி நிறுத்தாது, தலைச்சூலில் எப்போது, பின்னைச் சூலில் எப்போது எனவும் கூறுதல் வேண்டும். 'பனிக்குடம் உடைதல்' என்பதன்கீழ் ஒருங்கே கொட்டலும் சிறுகக் கசிதலும் அடங்கும் எனக் காட்டல் வேண்டும். 'சூட்டு வலி' என்பதன்கீழ் 37 வாரம் என்னும் எல்லையைக் குறித்தல் வேண்டும். 'தீட்டு' என்னும் இடக்கரடக்கலுள் மறைந்துள்ள பொருள்களைப் பிரித்து ஒவ்வொன்றற்கும் கூசாது சொல்லத்தக்க பெயர் காணுதல் வேண்டும். 'இடுப்பு வலி' போன்ற செறிந்த சொல்லைப் படைத்த மொழிக்கு இது இயலாததன்று.

இத்தகைய சொற்றொகுதி செவிலியர் கையில் இருப்பின் அவர் கேள்வி அவளுக்கு விளங்கும். அவள் விடை அவர்க்கு விளங்கும். இடக்கரடக்கலும் மங்கலமும் குழூஉக்குறியும் தத்தம் இடத்தில் நிற்க, குறியைச் சொல்லும் சொல் மட்டும் எல்லார்க்கும் பொதுவாகும்.

கடுஞ்சூல் மகளோடு இருந்தவர் யாவர் எனக் கூறுவதைப் புலவர் மறந்திலர். அவள் உடலின் குறி யாது எனக் கூறுவதை வீட்டு மகளிர் மறந்திலர். இரண்டும் ஒன்று சேராமையால் திண்டிவனத்தில் மூன்று உயிர்கள் மறைந்தன. இன்று சேர்ப்பதற்குரிய வாய்ப்பு நம்மிடம் உள்ளது. சொல்லைக் காப்பது உயிரைக் காப்பதும் ஆகும் இத்துறையில் இளம் ஆய்வாளர் கருத்தைச் செலுத்துவாராக.